பச்சை மரத்தில் கிண்ணம் கடையப் போகிறீர்களா?

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பூவரசு சாய்ந்தால் கிளை அடுப்புக்கும் அடிமரம் விறகுக் கடைக்கும் போய்விடும். சீமைக் கருவேலம் என்றால் நேரே கரிமூட்டம். அந்த அடிமரத்தைப் பச்சையாகவே லேத்தில் ஏற்றிக் கிண்ணமாகக் கடைந்து விற்கலாம். ஆனால் கடையப் பழகுவதைவிடக் காயவைக்கப் பழகுவதுதான் இதில் கஷ்டம்.

உப்பளங்களைப் பாருங்கள். மழை குறைவு, வெயிலும் வறண்ட காற்றும் அதிகம். உப்பை விளைய வைக்கும் அதே காற்று பச்சைக் கிண்ணத்தை வெடிக்க வைக்கும். மேல்தோல் சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், நடுவில் விரிசல் ஓடும். ஆனி, ஆடி மேல்காற்றில் கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

முதலில் மரம். சாலையோரத்திலும் புறம்போக்கிலும் விழுந்தது அரசுச் சொத்து, ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். துறைமுகத்தை ஒட்டிப் பழைய பேலட் பலகை மலிவாகக் கிடைக்கும். அது பச்சை மரமல்ல, கிண்ணத்துக்கான கனமும் இருக்காது. எடுத்தே தீருவேன் என்றால் முத்திரையைப் படியுங்கள். எச்.டி. என்றால் சூடேற்றியது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைச் சாப்பாட்டுப் பாத்திரமாக்க வேண்டாம்.

புதியவர்களுக்கு என் சிபாரிசு சீமைக் கருவேலம். கோணல், முள், உளியை மழுக்கும் கடினம் எல்லாம் உண்டு. ஆனாலும் இந்த இனத்து மரங்கள் காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். இதன் உறவான மெஸ்கைட்டை டெக்சாஸ் கடைசல்காரர்கள் தேடி எடுப்பது அதனால்தான். கை பழகியபின் பூவரசுக்கு வாருங்கள். ஹவாய்த் தீவுகளில் அதை மிலோ என்பார்கள், அங்கே பரம்பரையாக உணவுக் கிண்ணம் கடைந்த மரங்களில் அதுவும் ஒன்று.

வெட்டிய அன்றே கட்டையின் இரு முனைகளிலும் மெழுகு பூசுங்கள். நடு மையம் கிண்ணத்துக்குள் வராதபடி கட்டையைப் பிளந்துகொள்ளுங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படும். அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றுகளையும் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் கணக்கு. 10 அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900. ஒருபக்கம் கனத்த பச்சைக் கட்டையை அதற்கும் குறைவாகவே தொடங்குங்கள். முகக் கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் விடுங்கள், 10 அங்குலத்துக்கு 1 அங்குலம். காயும்போது கிண்ணம் நீள்வட்டமாகக் கோணும், அதைத் திரும்ப வட்டமாக்க அந்தக் கனம் வேண்டும். கோணுவது குறையல்ல, மரம் ஆரத்தின் போக்கைவிட வளையத்தின் போக்கில் சுமார் இரண்டு மடங்கு சுருங்குவதன் விளைவு. பிறகு அதன் சுருள் தூளிலேயே புதைத்துக் காகிதப் பையில் கட்டி, காற்றோட்டமில்லாத அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை போட்டால் பூஞ்சை பிடிக்கும். அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி, வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை இறங்குவது நின்றபின் மறுகடைசல். மாதக்கணக்கு ஆகும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

வேலை கற்க அம்பாசமுத்திரம் போங்கள். மரச்செப்புச் சாமான் கடைகிற கைகள் அங்கே இருக்கின்றன. உளி பிடிப்பதும் சுழலும் மரத்தில் அரக்கு ஏற்றுவதும் பார்த்துத்தான் வரும், வீடியோவில் பாதிதான் புரியும். கருவி வாங்க, மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கேளுங்கள். 35 வயது ஆகியிருந்தால் 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், உச்சவரம்பு 50,000 ரூபாய்.

வங்கித் தவணை கிண்ணம் காயும்வரை காத்திருக்காது. அதுவரை பூரிக்கட்டை, மத்து, செப்புச் சாமான் கடைந்து கடனைக் கட்டுங்கள்.