உடல் வெப்பத்தில் ஓடும் கடிகாரம்

கப்பலில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், ஒரு மே மாத விடுப்பில் கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மாலுமியாக இருந்த அவருடைய தந்தை ஜப்பானில் வாங்கியது அது. “சார், அப்பா கப்பலில் இருந்தவரை இது நின்றதே இல்லை. ஓய்வு பெற்றுத் தூத்துக்குடிக்கு வந்த பிறகு அடிக்கடி நின்றது. அப்பா காலமான பின் பெட்டியிலேயே கிடந்தது. இப்போது அசையவே இல்லை. கடைக்காரர் தூக்கிப் போடச் சொல்கிறார்” என்றார்.

அணிபவரின் உடல் வெப்பமே இக்கடிகாரத்துக்கு உணவு. 1980-களின் தொடக்கத்தில் புலோவா நிறுவனம் ‘தெர்மட்ரான்’ என்ற பெயரில் இத்தகைய கடிகாரத்தை வெளியிட்டது. 1998-இல் சீக்கோவும், 1999-இல் சிட்டிசனும் வெளியிட்டன. இன்று இவை பழம்பொருள் சேர்ப்போரிடமே இருக்கின்றன.

இதன் அடிப்படை உங்கள் பாடத்தில் வரும் சீபெக் விளைவுதான். இரு வேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் பாயும். 1821-இல் இதைக் கண்ட சீபெக், அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியதால் வெப்பம் காந்தத்தை உண்டாக்குவதாகவே எண்ணினார்! உலோகங்களில் கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைகடத்தி இணையிலோ ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 400 மைக்ரோவோல்ட் கிடைக்கும். ஆயிரம் இணைகளைத் தொடராக இணைத்தால் எவ்வளவு? 0.4 வோல்ட். அதை ஒரு மின்சுற்று உயர்த்திக் கொடுக்க, ஒரு சிறு சேமிப்பு மின்கலம் மின்னேற்றம் பெறுகிறது. குவார்ட்ஸ் கடிகாரம் ஓடுவதற்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோவாட் போதும்.

சூடான முனை, மணிக்கட்டைத் தொடும் பின்மூடி. குளிர்ந்த முனை, காற்றைத் தொடும் மேற்கூடு. தோல் 33 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வேறுபாடு 8 டிகிரி. ஆனால் அதில் பெரும்பகுதி கூட்டுக்கும் காற்றுக்கும் இடையிலேயே போய்விடும். இணைகளுக்குக் கிட்டுவது ஒன்றிரண்டு டிகிரிதான். நம் ஊர் மே மாத நண்பகலில் காற்று 36, 37 டிகிரியைத் தொடுகிறது. அப்போது அந்த ஒரு டிகிரிக்கும் வழியில்லை. வெப்பம் ஏராளம், வேறுபாடுதான் இல்லை!

ஆய்வுக்கூடத்தில் சேமிப்பு மின்கலத்தைக் கழற்றிவிட்டு, வெப்பமின் பகுதியின் முனைகளில் மில்லிவோல்ட்மீட்டரை இணைத்தேன். மாணவரின் மணிக்கட்டில் கடிகாரத்தை வைத்து அழுத்தினோம். முள் சுழியை விட்டு நகரவில்லை. மாணவரின் முகம் வாடிவிட்டது. கைக்குட்டையை நனைத்துக் கடிகாரத்தின் கண்ணாடி மேல் போட்டேன். நீர் ஆவியாக ஆவியாக, மண்பானை குளிர்வதுபோல் கூடு குளிர்ந்தது. முள் மெல்ல ஏறியது. வெப்பமின் பகுதி நன்றாகவே இருந்தது!

பெட்டியில் கிடந்த காலத்தில் சேமிப்பு மின்கலம்தான் செத்திருந்தது. அதே அளவில் கடைகளில் விற்கும் சாதாரண வெள்ளி ஆக்சைடு மின்கலத்தை அங்கே பொருத்தக் கூடாது. அது மின்னேற்றத்துக்கு உரியதன்று. கசிந்து மின்சுற்றையே அரித்துவிடும். அதே மின்னழுத்தமுள்ள, மீண்டும் மின்னேற்றக்கூடிய மின்கலத்தை வரவழைத்தோம். பின்மூடியில் படிந்திருந்த வியர்வை உப்பையும் துடைத்தோம். அதுவும் வெப்பத்தைத் தடுக்கும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தில் நம் கடலில் முத்துக்குளித்தவர் ஒருவர் நீர் புகாத இத்தகைய கடிகாரத்தைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரையில் வெயிலில் அது உறங்கியிருக்கும். முத்துப்பாரில் மூழ்கியதும் விழித்திருக்கும். கடல்நீர் தோலைவிடக் குளிர்ந்தது. காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவது.

மாணவர் அதைக் கட்டிக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிவிட்டார். கோடையில் ஊருக்கு வந்தால், இரவில் மின்விசிறிக்குக் கீழே அதைக் கழற்றாமல் தூங்கச் சொல்லியிருக்கிறேன்.