தடத்திற்கு ஒரு பெயர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

பேருந்துக்காகக் காத்திருப்போர் முதலில் நோக்குவது வண்டியை அன்று. அதன் நெற்றிப் பலகையையே. அப்பலகை தெளிவாக இருந்தால் பயணத்தில் பாதி முடிந்தது போலாகும். தெளிவற்றிருந்தால் காலமும் காசும் வீணாகும். தடத்திற்குப் பெயரிடுவதற்கும் சில நெறிகள் உண்டு. அவற்றை ஈண்டுக் காண்போம்.

ஒன்றுக்கொன்றான சார்பில் இரண்டு உறுப்புகளுக்கு ஒரே நிழல் உரு இருத்தல் ஆகாது எனக் கணிதத்தில் படிக்கிறோம். பெயரிடுதலின் முதல் நெறியும் இதுவே. இலண்டன் மாநகரின் 'ஓவர்கிரவுண்ட்' இரயிலில் ஆறு தடங்கள் ஒரே பெயரையும் ஒரே ஆரஞ்சு நிறத்தையும் தாங்கி ஓடின. எந்தத் தடம் எங்கே செல்கிறது என்பதில் பயணிகள் குழம்பினர். 2024ஆம் ஆண்டில் 'லயனஸ்', 'வீவர்' முதலிய ஆறு பெயர்களும் தனித்தனி நிறங்களும் சூட்டப்பட்டன.

இரண்டாவது நெறி, பெயரே வழி சொல்ல வேண்டும் என்பது. தென்கொரியாவின் சியோல் நகரில் 2004ஆம் ஆண்டு பேருந்துகள் சீரமைக்கப்பட்டன. நகரையும் சுற்றுப்புறத்தையும் 0 முதல் 7 வரை எட்டு மண்டலங்களாகப் பிரித்தனர். நீல நிறப் பேருந்தின் எண்ணில் முதல் இலக்கம் புறப்படும் மண்டலம். இரண்டாவது, சேரும் மண்டலம். மூன்றாவது, வரிசை எண். 402 எனக் கண்டால், நான்காம் மண்டலத்திலிருந்து நகரின் நடுப்பகுதியான 0 மண்டலத்திற்குச் செல்வது என அறியலாம். இடமதிப்பு இங்கே வழிகாட்டியாகிவிடுகிறது!

மூன்றாவது நெறியே என் நெஞ்சைத் தொட்டது. 1969இல் மெக்சிகோ நகரில் சுரங்க இரயில் தொடங்கியபோது, எழுத்தறியாதோரும் இறங்குமிடம் அறியும்படி நிலையந்தோறும் ஒரு படம் அமைத்தனர். 'வெட்டுக்கிளிக் குன்று' எனப் பொருள்படும் சாப்புல்தெப்பெக் நிலையத்திற்கு வெட்டுக்கிளியே சின்னம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தாயாருக்குப் பலகையைப் படிக்கத் தெரியாது. "தம்பி, இது எந்த ஊருக்குப் போகுது?" என்று பிறரைக் கேட்டே ஏறுவார். கேட்க ஆளில்லாவிடில் வந்த வண்டியையும் விட்டுவிட்டு நிற்பார்.

நம் மாநிலத்திலும் இந்நெறி வேலை செய்துள்ளது. 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அவ்வண்டிகளை எளிதில் அடையாளம் காண, 2022இல் சென்னையில் அவற்றின் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. எழுத்தறியாதவரும் நிறத்தைப் படித்துவிடுவர் அல்லவா?

இன்னும் செய்ய வேண்டியன உள. எண்ணின் பின்வரும் 'ஏ', 'பி', 'சி' எழுத்துகள் எவ்வழியைக் குறிக்கின்றன என்பது புதியவர்க்கு விளங்குவதில்லை. 'கட் சர்வீஸ்' என்பது எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதும் அவ்வாறே. எண்ணுடன் முக்கிய இடைநிறுத்தத்தின் பெயரையும், மருத்துவமனை, சந்தை, இரயில் நிலையம் ஆகியவற்றின் படங்களையும் பலகையில் சேர்த்தால் பெரும் பயன் விளையும்.

படித்தவனுக்குப் பலகை ஒரு வசதி. படியாதவருக்கோ அது பிறர் தயவின்றிப் பயணம் செய்யும் உரிமை. பெயரிடுவோர் அவர்களை முதலில் எண்ணுவாராக!