பழைய ஜீப்பில் இறுகிப்போன பிரேக் அட்ஜஸ்டர்களை விடுவித்தல்

நம் கிராமங்களில் பழைய ஜீப்பு வைத்திருக்கும் விவசாயிகள் இன்றும் பலர் உளர். விதை மூட்டையும் உர மூட்டையும் ஏற்றுவதற்கும், வாய்க்கால் கரைப் பாதையில் ஆட்களைக் கொண்டுபோய் விடுவதற்கும் அது உற்ற துணையாக இருந்து வருகின்றது. ஆயினும் எஞ்சினைக் கவனிப்பதில் காட்டும் அக்கறையைப் பிரேக்கில் காட்டுவோர் சிலரே. வண்டி புறப்படாவிடில் அன்றே தெரிந்துவிடும்; நில்லாவிடில் தெரியும் நாள் எந்நாளோ நாம் அறியோம்.

இதை எழுதுபவன் நேரில் கண்ட ஒரு சம்பவத்தை இங்குக் கூறுவது பொருத்தமாகும். அறுவடைக் காலத்தில் ஒரு நிலக்கிழாரின் ஜீப்பு நான்கு ஆட்களுடன் வாய்க்கால் கரைமேல் வந்துகொண்டிருந்தது. எதிரே மாடுகள் வரவே அவர் பிரேக்கை மிதித்தார். முதல் மிதியில் பெடல் வெகு தூரம் உள்ளே போயிற்று. மறுபடி மிதித்ததும் வண்டி திடுக்கென இடப்பக்கம் இழுத்து, முன்சக்கரம் ஒன்று கரைக்கு வெளியே தொங்கும்படி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. பின்னர் சோதித்ததில், வலப்புற முன்சக்கரத்தின் அட்ஜஸ்டர்கள் இரண்டும் துருவேறி இறுகியிருந்தமை தெரிந்தது. சில வாரங்களுக்கு முன் வேலை செய்தவர், அவை திரும்பாமையால் அப்படியே விட்டுவிட்டு, இடப்புறத்தை மட்டும் நெருக்கி வைத்திருந்தார். ஒரு சக்கரத்தில் செய்ய முடியாததை மற்றொரு சக்கரத்தில் ஈடு செய்தல் ஆகாது என்பதே இக்கட்டுரை வற்புறுத்தும் பாடமாகும்.

அட்ஜஸ்டரின் அமைப்பு

1953-இல் அமெரிக்காவில் வெளிவந்து, பின்னர் நம் நாட்டிலும் நெடுங்காலம் செய்யப்பட்ட ஸிஜே-3பி போன்ற ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கே உண்டு. டிரம்முக்குள் பிறைவடிவான இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. பெடலை மிதிக்குங்கால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் ஷூக்கள் விரிந்து, அவற்றின்மேல் பதித்த லைனிங் டிரம்மைப் பற்றுகின்றது. லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி மிகும். அதற்கேற்பப் பெடலும் ஆழமாக இறங்கும். அவ்விடைவெளியைக் குறைப்பதே அட்ஜஸ்டரின் வேலை.

இவ்வகை ஜீப்பில் ஒவ்வொரு ஷூவுக்கும் ஓர் அட்ஜஸ்டர் உண்டு. அது கேம் எனப்படும், ஒருபக்கம் பருத்த வட்டு. வட்டு உள்ளே ஷூவைத் தாங்கி நிற்கும். அதன் ஆறுபட்டைத் தலை பின்தகட்டின் வெளிப்புறத்தில் தெரியும். தலையைத் திருப்பினால் வட்டின் பருத்த பக்கம் ஷூவை டிரம்மை நோக்கித் தள்ளும். பின்தகட்டின் கீழ்ப்பகுதியில் காணும் இரண்டு ஆங்கர் பின்கள் வேறு. புது லைனிங் போடும்போதன்றி அவற்றைத் தொடலாகாது.

இறுகுவதன் காரணம்

கேமின் தண்டு பின்தகட்டில் நுழையும் துவாரமே நோய் பிறக்கும் இடம். சேற்று நீர் அங்கே புகுந்து தங்குகின்றது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்குக்கு மேல் பெருகுவதால், தண்டும் துவாரமும் ஆப்பு அடித்தாற்போல் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. கடலோர உவர்நிலங்களில் இது விரைவில் நேரும். பொட்டாஷ் உரத்தில் பெரும்பாலானது குளோரைடு உப்பாதலின், அதன் தூள் ஈரத்துடன் படிந்தாலும் இரும்பை அரிக்கும். வண்டியைப் பல மாதம் ஓட்டாமல் நிறுத்திவைப்பதும், ஆண்டுக்கணக்கில் அட்ஜஸ்டரைத் தொடாதிருப்பதும் கேட்டை மிகுவிக்கும்.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, இப்பழைய ஜீப்புகளின் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கியர் பெட்டியின் பின்னுள்ள சிறு டிரம்மில் இருக்கின்றது. ஆகவே பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கியவுடன், டிபரன்ஷியலின் தன்மையால் கைப்பிரேக்கின் பிடிமானம் பயனற்றுப்போய் வண்டி நகரக்கூடும். சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பின்னரே தூக்க வேண்டும். தூக்கிய பின் ஆக்ஸிலின் கீழ் உறுதியான ஸ்டாண்டு வைத்தல் இன்றியமையாதது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகலாகாது.

இரண்டாவது, பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் மூச்சில் புகுந்தால் நுரையீரலுக்குத் தீராத நோய் உண்டாகும். டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்தோ உலர்ந்த தூரிகையாலோ நீக்காமல், ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டி அப்புறப்படுத்துக.

விடுவிக்கும் முறை

அவசரமே இவ்வேலைக்குப் பகை. மாலையில் தொடங்கி மறுநாள் முடிப்பதாகத் திட்டமிடுவது நலம்.

1. பின்தகட்டின் வெளிப்புறத்தில் அட்ஜஸ்டர் தலையைச் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் இரும்பு தெரியத் தேய்க்க. பூட்டு நட் உள்ள வண்டியாயின் அதை முதலில் தளர்த்த வேண்டும். அதை மறந்து தலையைத் திருக முயன்று கெடுத்தவர் பலர்.

2. துருநீக்கும் எண்ணெயைத் தண்டின் அடியில் சில சொட்டுகள் விடுக. அது கிடையாதவிடத்து மண்ணெண்ணெயும் இலேசான மெஷின் ஆயிலும் சமபாகம் கலந்து கொள்ளலாம். தாராளமாக ஊற்றினால் உள்ளே வழிந்து லைனிங்கை நனைக்கும். எண்ணெய் ஊறிய லைனிங் பிடிக்காது, அதை மாற்றத்தான் வேண்டும். இரவு முழுதும் ஊறவிட்டுக் காலையில் மறுபடி இரண்டொரு சொட்டு விடுக.

3. சிறு சுத்தியால் தலையின்மேல் நேராக இலேசாகப் பலமுறை தட்டுக. ஓங்கி அடிப்பதன்று, அதிரச் செய்வதே நோக்கம். அதிர்வினால் துருவில் நுண்ணிய வெடிப்பு உண்டாகி எண்ணெய் உட்புகும்.

4. அளவு சரியான ரிங் ஸ்பானரை முழுதும் படிய வைத்துத் திருப்புக. ஸ்க்ரூ ஸ்பானர் உதவாது. அது நழுவி ஆறுபட்டையை உருண்டையாக்கிவிடும். ஒரே திசையில் முழுப் பலத்தையும் செலுத்தாமல், ஒரு நூலளவு இப்புறம், ஒரு நூலளவு அப்புறம் என்று மாறிமாறி அசைக்க வேண்டும். சிறிது அசைந்ததும் மகிழ்ந்து ஒரேயடியாகத் திருகினால் தண்டு முறியும். அசைத்தல், எண்ணெய் விடுதல், தட்டுதல் ஆகிய மூன்றையும் திரும்பத் திரும்பச் செய்க.

5. இரண்டு நாள் முயன்றும் அசையாவிடில் டிரம்மைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளின் பின்சக்கரத்திற்கு இதன்பொருட்டு இழுப்பான் கருவி தேவைப்படும். ஷூக்களையும் எடுத்துவிட்டால் கேமை உட்புறமிருந்தும் பிடித்து அசைக்கலாம்.

6. நெருப்புக் காட்டுவது கடைசி உபாயம். அதற்கு முன் ஷூ, வீல் சிலிண்டர், ரப்பர் குழாய் யாவற்றையும் கழற்றி, பின்தகட்டையே வண்டியிலிருந்து பிரித்தெடுத்துவிடுதல் வேண்டும். பிரேக் ஆயிலும் துருநீக்கும் எண்ணெயும் தீப்பற்றக்கூடியவை. தகட்டின் துவாரப் பகுதியைச் சூடாக்கினால் அது விரிந்து தண்டின் பிடி தளரும். சூட்டின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது.

தலை முன்னரே உருண்டுபோயிருந்தால் வெட்டுளி கொண்டு போராடுவதிற் பயனில்லை. புதிய அட்ஜஸ்டரோ, வேண்டுமாயின் பின்தகடோ மாற்றுவதே சிக்கனம்.

நெருக்கம் வைத்தல்

விடுபட்ட தண்டைத் துருப் போகத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கப்படும், வெப்பத்தில் உருகாத கிரீஸை மெல்லப் பூசுக. சாதாரணக் கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்கில் வழியும். வீல் சிலிண்டரின் ரப்பரில் கனிம எண்ணெயோ சாதாரணக் கிரீஸோ படவே கூடாது. ரப்பர் ஊதிக் கெடும். ஆதியில் பிரேக் ஆயில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து செய்யப்பட்டமைக்கு இதுவே காரணம். இக்காலத்திலோ வண்டிக்குக் குறிக்கப்பட்ட பிரேக் ஆயிலையே ஊற்றுக.

பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே, ஒரு கேமைச் சக்கரம் நிற்கும் வரை இறுக்கி, தடையின்றிச் சுழலும் வரை மட்டும் தளர்த்துக. இரண்டாவது கேமையும் அவ்வாறே செய்க. பெடலைச் சிலமுறை மிதித்து ஷூக்களைப் படியச் செய்து மறுபடி சோதிக்க. நான்கு சக்கரங்களுக்கும் ஒன்றுபோல் செய்து முடித்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். இதன்பின்னும் பெடல் இறங்கிப்போனால் ஆயில் கசிவோ காற்றுப் புகுந்தமையோ உளது எனக் கொண்டு அதைத் தேட வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் உள்ள இவ்வண்டிகளில், ஓரிடத்துக் கசிவு எல்லாப் பிரேக்கையும் ஒருங்கே கெடுத்துவிடும்.

முடிவில் ஆளற்ற சமதரையில் மெதுவாக ஓட்டி, ஸ்டீரிங்கை இலேசாகப் பிடித்தபடி பிரேக் போட்டுப் பார்க்க. வண்டி நேராக நிற்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டிய பின் டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோனால், ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பின் அங்கே நெருக்கம் அதிகம் என்று அறியலாம்.

ஆண்டுக்கு இரு முறை, சேற்றுழவு முடிந்ததும் ஒரு தடவை, அறுவடைக்கு முன் ஒரு தடவை, ஒவ்வோர் அட்ஜஸ்டரையும் சற்றே அசைத்து அதன் இடத்தில் மீண்டும் வைத்து வந்தால் இத்தனை பாடும் வேண்டியதில்லை. அரை நாள் வேலைதான். கிராம அலுவலர்கள், அறுவடைக்கு ஆள் ஏற்றும் பழைய வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு இதைப் பருவந்தோறும் நினைவூட்டி வருவார்களாக. கரைமேல் அன்று தொங்கிய சக்கரத்தின் பின்னே நான்கு குடும்பங்கள் இருந்தன என்பதை யாவரும் மனத்திற் கொள்வது நலம்.