இடமாறுதல் இல்லாத உத்தியோகம்

அரசு உதவி பெறும் ஆண்கள் பள்ளியில் இந்த ஜூனில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இது. மதுரைப் பக்கம் அப்படியொரு பழைய பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவன் நான். "எப்படி சார் ஒரே இடத்தில் இத்தனை வருசம்?" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அந்தக் குரலில் பாதி மரியாதை, பாதி பரிதாபம். அவ்வப்போது வாயால் சொன்ன பதில்களை எண் போட்டு எழுதித் தருகிறேன். எண் போடுவது தொழில் பழக்கம். ஒன்றாவதுதான் பெரியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கலந்தாய்வு உண்டு, இடமாறுதல் உண்டு. நம்மை நியமிப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. அதே நிர்வாகத்துக்கு வேறொரு பள்ளி இருந்தால் அங்கே மாற்றலாம். இல்லையென்றால் சேர்ந்த கட்டடத்திலேயே தலை நரைக்கும். 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு முன்னால் இந்த வேலை இவ்வளவு பத்திரமானதாக இருக்கவில்லை. கரஸ்பாண்டென்ட்டுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த ஜூனில் நாற்காலி இருக்குமா என்பது நிச்சயமில்லை. ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டு, அதைவிடக் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன கதைகளைப் பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஆசிரியரை நீக்கக் கல்வித் துறையின் முன் அனுமதி வேண்டும் என்று அந்தச் சட்டம் வந்த பிறகுதான் எங்கள் தலைமுறை நிம்மதியாகச் சாக்பீஸ் பிடித்தது.

அதோடு, ஒரே பதவியில் பத்து வருடம் முடித்தால் தேர்வு நிலை, இருபது முடித்தால் சிறப்பு நிலை. எங்கள் காலத்தில் இடையில் பி.எஃப். கடன் போட்டு ஊருக்கு வெளியே ஒரு மனை, பிறகு அதில் ஒரு வீடு. ஆகவே பணிநிறைவு விழாவில் யாராவது "தியாகம்" என்று மைக்கில் சொன்னால் கை தட்டுங்கள். அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆரம்ப வருடங்களில் எங்களை அங்கே பிடித்துவைத்தது சட்டமும் இன்கிரிமென்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. பதில் வரும் விலாசத்தில் இருங்கள்.

நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நீங்கள் செய்தது நல்லதா கெட்டதா என்று அந்த வருடம் உங்களுக்குத் தெரியாது. பொதுத்தேர்வு மார்க்கு கொஞ்சம் சொல்லும். அதுவும் உங்களைப் பற்றிச் சொன்னதைவிட டியூஷனைப் பற்றிச் சொன்னது அதிகமாக இருக்கும். உண்மையான பதில் பத்து, பதினைந்து வருடம் கழித்து வரும். அது பள்ளி வாசலுக்குத்தான் வரும், உங்கள் வீட்டுக்கு வராது. அப்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். வேறு பள்ளிக்குப் போயிருந்தால் பதில் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

எப்படி வருவார்கள்? பாஸ்போர்ட்டுக்காகப் பிறந்த தேதி பார்க்க வருவார்கள். தொலைந்த டி.சி.க்கு நகல் கேட்டு வருவார்கள். எழுத்தர் அட்மிஷன் ரெஜிஸ்டரைப் பீரோவிலிருந்து எடுப்பார். அப்பா பெயர், தொழில், அங்க அடையாளம் ரெண்டு, எல்லாம் அதில் இருக்கும். சிலர் மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்க வருவார்கள். வேலை முடிந்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "சார், என்னைத் தெரியுதா?" என்பார்கள். தெரியாவிட்டால் தெரியும் என்று சொல்லாதீர்கள். "எந்த வருசம்? எந்த செக்ஷன்?" என்று கேளுங்கள், மீதியை அவரே சொல்லுவார். 

அவர் சொல்லப்போவது நீங்கள் பெருமைப்பட்ட பாடமாக இருக்காது. பித்தாகரஸ் தேற்றத்தை அட்டையில் வெட்டி ஒட்டி நான் நடத்திய வகுப்பை ஒருத்தர்கூட இதுவரை ஞாபகமாகச் சொன்னதில்லை. வகுப்பில் பிடுங்கிய பம்பரத்தை, பெயர் எழுதின சீட்டோடு பத்திரமாக வைத்திருந்து வருடக் கடைசியில் திருப்பிக் கொடுத்ததை ஒருவர் சொன்னார். மற்ற சார்கள் பிடுங்கினால் திரும்பி வராதாம். நான் அதை அறவே மறந்திருந்தேன். அந்த மனிதர் இப்போது பெரிய கட்டட ஒப்பந்தக்காரர். கொத்தனார்களிடம் வாங்கிவைக்கும் பணத்துக்குச் சீட்டு எழுதித் தருவாராம். சம்பளப் பட்டியலில் வராத வரவு இது. இப்படி நாலைந்து வந்துவிட்டால் அப்புறம் நீங்களே வேறு பள்ளிக்கு விண்ணப்பம் போடமாட்டீர்கள்.

3. பட்டப்பெயர் வரும். தடுக்க முடியாது, கண்டுபிடிக்க முயலாதீர்கள்.

ஆண்கள் பள்ளியில் ஆகஸ்டுக்குள் வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் நீங்களே பாடம் எடுக்கிற காலம் வந்தால், மகன் முதல் நாளே அந்தப் பெயரோடுதான் வகுப்புக்கு வருவான்.

4. பையன்களைப் பேசவைக்க வேண்டுமா, கையில் வேலை கொடுங்கள்.

எதிரே உட்காரவைத்து "என்னடா பிரச்சினை?" என்று கேட்டால் பதினான்கு வயதுப் பையன் தரையைப் பார்ப்பான். விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும்போது கயிற்றின் ஒரு முனையை அவனிடம் கொடுங்கள்; மூன்றாவது கோடு போடுவதற்குள் அப்பா வீட்டுக்கு வருவதில்லை என்பதைச் சொல்லியிருப்பான். பெஞ்சு தூக்குவது, லேப் கழுவுவது, தேர்வு அறைச் சுவரில் நம்பர் ஒட்டுவது எல்லாம் இந்தப் பள்ளிகளின் உண்மையான ஆலோசனை மையங்கள். என்.சி.சி., சாரணர், என்.எஸ்.எஸ். என்று ஏதாவது ஒரு பொறுப்பை முதல் இரண்டு வருடத்துக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கால அட்டவணைக்கு வெளியே ஒரு வேலை கைவசம் இல்லாத ஆசிரியர் நீண்ட நாள் நிலைத்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இதற்குப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 1864இல் தொடங்கிய கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1898இல் சேர்ந்த ராமானுஜனைப் பற்றி எல்லோரும் கணிதப் பரிசைச் சொல்லுவார்கள். 1904இல் ரங்கநாத ராவ் பெயரிலான பரிசைக் கொடுத்தபோது, இவனுக்கு முழு மதிப்பெண்ணுக்கு மேலேயே கொடுக்கலாம் என்று தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் சொன்னது பிரபலமான கதை. எனக்குப் பிடித்தது வேறு. சுமார் 1200 மாணவர்களையும் முப்பத்தைந்து ஆசிரியர்களையும் வகுப்புவாரியாகப் பிரித்துப் பொருத்தும் வேலையை மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அந்தப் பையனிடம் வருடா வருடம் ஒப்படைத்தார். டைம் டேபிள் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று. ஒரு பீரியட் இடித்தால் ஸ்டாஃப் ரூமில் போரே வந்துவிடும். சுப்பையர் அந்த வகுப்பறைகளில் வருடக்கணக்காக இருந்திருக்காவிட்டால், இவனிடம் கொடுக்கலாம் என்று அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

5. தங்கைகளுக்கு.

ஒரு காலத்தில் இந்தப் பள்ளிகளில் பெண் என்றால் ஆயாம்மா மட்டும்தான். இப்போது ஸ்டாஃப் ரூமில் பாதிக்குப் பாதி நீங்கள் இருக்கிறீர்கள். "பசங்களை லேடீஸ் கண்ட்ரோல் பண்ண முடியாது" என்று ஒரு மூத்தவர் சொல்லுவார். அவருடைய வகுப்புப் பக்கம் ஒரு தடவை நடந்து பாருங்கள், இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பழைய கட்டடங்கள் பெண்களை நினைத்துக் கட்டியவை இல்லை. கழிப்பறை சரியில்லை என்றால் முதல் மாதமே தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விழாவுக்குக் கோலமும் மேடை அலங்காரமும் மட்டும் தந்தால் வாங்காதீர்கள். தேர்வுப் பொறுப்பையும் லேப் சாவியையும் கேளுங்கள்.

6. அடிக்காதீர்கள்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடைசெய்கிறது. அந்தச் சட்டமே இல்லையென்றாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். முன்னாள் மாணவர் விழாவில் ஒருவர் மேடையேறி, "அன்னைக்கு சார் அடிச்ச அடியிலதான் நான் இன்னைக்கு இந்த நிலைமையில இருக்கேன்" என்பார். பழைய வாத்தியார்கள் சிரித்துத் தலையசைப்பார்கள். கணக்காகப் பாருங்கள்: அந்த மேடைக்கு யார் வருகிறார்கள்? அடியைத் தாங்கிப் படித்து முடித்தவர்கள். ஒன்பதாம் வகுப்பில் அடி வாங்கி, பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறையில் சேர்ந்தவனுக்கு அழைப்பிதழே போவதில்லை. பாதி விடைத்தாளைத் திருத்திவிட்டு நூறு சதவீதம் தேர்ச்சி என்று எழுதுகிற வேலை அது. ஆண்கள் பள்ளிகளில் பிரம்பைப் பற்றி ஒரு காதல் இருக்கிறது, முதியவர்களிடமும் மாணவர்களிடமும். நீங்கள் அதில் சேர வேண்டாம்.

7. ஸ்டாஃப் ரூமில் முதல் வாரம் எந்த நாற்காலியிலும் கேட்காமல் உட்கார வேண்டாம். கோஷ்டி இருக்கும், சாப்பாட்டு வேளையில் எல்லாக் கோஷ்டியின் குழம்பையும் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. ஏலச்சீட்டில் சேராதீர்கள்.

8. மே மாதம் உங்களுடையது இல்லை.

இதை யாரும் நியமன ஆணையில் எழுதியிருக்கமாட்டார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்கிறார்கள். மாணவர் குறைந்தால் ஆசிரியர் உபரி. உபரி என்றால் வேறு பள்ளிக்குப் பணிநிரவல். இடமாறுதல் இல்லாத உத்தியோகம் என்று ஒன்றாவதில் சொன்னேனே, அதில் இருக்கும் ஓட்டை இதுதான். மெட்ரிக் பள்ளி வேன் தெருவுக்குத் தெரு வருகிறது. அண்ணனும் தங்கையும் ஒரே வேனில் போகட்டும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஆண்கள் பள்ளி அங்கேயே பாதி தோற்றுவிடுகிறது. பல பழைய ஆண்கள் பள்ளிகள் இருபாலர் பள்ளிகளாக மாறியதற்கும் இது ஒரு காரணம். மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆகவே சுற்றியிருக்கும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் ஐந்தாம் வகுப்புப் பட்டியலை வாங்கி, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். கூச்சமாக இருக்கும். ஆனால் பையன் எந்தச் சந்திலிருந்து வருகிறான், வீட்டில் படிக்க விளக்கு இருக்கிறதா, அம்மா எந்த ஷிப்ட்டுக்குப் போகிறார் என்பதெல்லாம் அந்த மாதத்தில்தான் தெரியும். அப்படிப் பார்த்த வீட்டுப் பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் உங்களுக்குக் கோபம் முன்போல் வராது. மூத்த ஆசிரியர்களைக் கேட்டால் ஊரில் பாதித் தெருக்களுக்கு வழி சொல்லுவார்கள். எல்லாம் சேர்க்கைக்கு அலைந்து தெரிந்துகொண்டதுதான்.

9. போக வேண்டியவர் போகலாம்.

இருப்பதைப் பற்றியே பேசுகிறேன் என்பதால் போகிறவர்களைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்களிலேயே உலகறிந்தவர் பாரதி. 1904 ஆகஸ்டில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்து, நவம்பரில் சென்னைக்குச் சுதேசமித்திரன் வேலைக்குப் போய்விட்டார். நம் பாஷையில் சொன்னால் லீவ் வேகன்சி. விடுப்பில் போயிருந்த நிரந்தர ஆசிரியர் சோழவந்தான் அரசஞ்சண்முகனார், தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தி எழுதிய பெரும் புலவர். அந்தப் பள்ளி என்றதும் ஊர் சொல்லுவது மூன்று மாதக்காரரின் பெயரைத்தான். சண்முகனாரைத் தமிழ் படித்தவர்கள்தான் சொல்லுவார்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராகப் பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரியும் வேலையை விட்டு 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அவர் போன பிறகும் அந்தப் பள்ளி நடந்தது; 1920களில் சுப்பிரமணியன் சந்திரசேகர் அங்கேதான் படித்தார். பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கியவர். 

உங்களுக்குள் வேறொரு வேலை கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் தேர்வு நிலை வருவதற்குள் கிளம்பிவிடுங்கள். போகவும் மனமில்லாமல் இருக்கவும் பிடிக்காமல் கடைசிப் பத்து வருடத்தைப் புலம்பிக் கழிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது கஷ்டம். அதைவிடக் கஷ்டம் அவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையன்களுக்கு.

10. சர்வீஸ் ரெஜிஸ்டரை வருடம் ஒரு முறை கையில் வாங்கிப் பாருங்கள்.

இப்போது ஓய்வு வயது 60. கல்வியாண்டின் நடுவில் முடிந்தால் வருடக் கடைசி வரை மறுநியமனம் கிடைக்கும். அந்த நேரத்தில் பிறந்த தேதியில் ஒரு எழுத்து, ஈட்டிய விடுப்பில் நாலு நாள், ஒரு இன்கிரிமென்ட் பதிவு விட்டுப்போனது என்று ஏதாவது கிளம்பும். இருபது வருடத்துக்கு முன் எழுதிய எழுத்தர் உயிரோடு இருக்கமாட்டார். எங்கள் செட்டில் ஒருவருக்கு ஓய்வூதியக் கோப்பு மாதக்கணக்காக நின்றது இப்படித்தான். ஏப்ரல் கடைசி வாரத்தில் அலுவலகத்தில் கூட்டம் குறைவு. ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காருங்கள், பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள், விட்டுப்போன பதிவுக்குத் தலைமை ஆசிரியரிடம் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.