காரை வாடகைக்கு விடுமுன்

வெள்ளை நம்பர் பிளேட் காரை, தெரிந்தவருக்கே ஆனாலும் வாடகைக்கு விடாதீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க இடமுண்டு. வாடிக்கையாளரே ஓட்டிச் செல்லும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து வேண்டும்.

வாடகைக்கு விட அனுமதி இருந்தாலும் வாய்ப்பேச்சு போதாது. யார் ஓட்டுவார், நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், தாண்டினால் என்ன கட்டணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஓட்டுநர் உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். சாவி கொடுக்குமுன் கீறல், டயர், ஸ்டெப்னி, ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் முள் வரை வீடியோ எடுத்து, அங்கேயே வாடகைக்கு எடுப்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பாதிச் சண்டை இதிலேயே தீரும்.

சுங்கக் கட்டணம் உங்கள் ஃபாஸ்டேக்கில்தான் கழியும். இ-சலானும் உங்கள் பெயருக்கே, பல நாள் கழித்தும் வரலாம். ஆகவே முன்பணத்தில் எவ்வளவை, எத்தனை நாள் பிடித்து வைப்பீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.