பட்டில் ஓவியமும் நம் கடைச் சரக்கும்



மளிகைக் கடைக்கும் பட்டு ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். கல்லுப்பு, படிகாரம், கடுக்காய், வெல்லம், மெழுகு, பூந்திக்கொட்டை ஆகிய ஆறும் அந்த வேலைக்கு வேண்டியவை. ஆறும் நம் கடைகளில் கிடைப்பவை. போடி, தேவாரம், பொட்டிப்புரம் பக்கம் சரக்கு போடும் நாம் சொல்வது இதுதான்: எதற்கு வாங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுங்கள். பத்து ரூபாய்ச் சரக்கு சரியில்லை என்றால் ஆயிரக்கணக்கில் விலையுள்ள பட்டு பாழாகும். பழி கடைக்காரர் மேல்தான் விழும்.

பழைய முறை

அரியலூர் மாவட்டம் கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்று சேலை நெய்து, மெழுகிட்டுச் சாயமேற்றினார்கள். கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கலம்காரி பெரும்பாலும் பருத்தித் துணி வேலை. ஆந்திராவில் காளஹஸ்தியில் இப்போது பட்டுச் சேலையிலும் வரைகிறார்கள்.

முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு, சாயம் பரவாமல் தடுக்கும். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, அந்த நீரைத் தொட்டுக் கோடு வரைந்தால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர் தடவி, மஞ்சிட்டி போன்ற வேர்ச் சாயத்தில் காய்ச்சினால் அந்த இடத்தில் சிவப்பு பிடிக்கும்.

படிகாரத்தில் கவனம்

இரும்பு கறுப்புக்கு வேண்டும். படிகாரத்தில் அது இருக்கவே கூடாது. இருந்தால் சிவப்பு மங்கி அழுக்கு நிறமாகும். தண்ணீர் தெளியவைக்க விற்கும் பழுப்புக் கட்டியில் இரும்பு கலந்திருக்கும். ஓவியத்துக்குக் கண்ணாடிபோல் நிறமற்ற படிகாரமே ஏற்றது.

சோதிப்பது சுலபம். கடுக்காயின் கொட்டையை நீக்கி, தோட்டைத் தூளாக்கி வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஒரே தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் படிகாரத்தைக் கரையுங்கள். இரண்டிலும் கடுக்காய் நீரைச் சில சொட்டு விடுங்கள். படிகாரத் தம்ளர் மட்டும் கறுத்தால் சரக்கில் இரும்பு உண்டு. இரண்டும் கறுத்தால் தண்ணீரிலேயே இரும்பு இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இப்படி நேர்வதுண்டு. வேறு தண்ணீரில் மறுபடி பாருங்கள். நாம் இப்படிச் சோதித்த பிறகே சிப்பத்தைப் பிரிக்கிறோம்.

அளவும் சொல்லிக் கொடுங்கள். 100 கிராம் பட்டுக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம் போதும். இரும்புச் சட்டியில் கரைக்கக் கூடாது. புட்டியில் வரும் ஆயத்தச் சாயத்துக்குப் படிகாரம் தேவையில்லை. தேவையில்லாததை விற்காமல் விடுவதும் வியாபாரம்தான்.

உப்பும் மெழுகும்

பட்டு இழை ஈரத்தை இழுக்கும். தூரிகை வைத்த இடத்திலிருந்து சாயம் ஓடிப் பரவும். அதைத் தடுக்க ஓரங்களில் உருகிய மெழுகால் கோடு இடுவார்கள். வெறும் பாரபின் மெழுகு வெடித்துச் சாயம் கசியும். தேன்மெழுகு சேர்த்தால் துணியோடு ஒட்டி நிற்கும். மெழுகை நேரடி அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கச் சொல்லுங்கள்; தீப்பிடிக்கும் பொருள்.

உப்பு வேறு வேலை செய்யும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டில் நீர்த்த சாயம் பூசி, ஈரம் காயுமுன் கல்லுப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் ஈரத்தையும் சாயத்தையும் தன் பக்கம் இழுத்துப் பூப்போல் கோலம் விழும். கல்லுப்புக்குப் பெரிய பூ, தூள் உப்புக்குச் சிறிய பூ. நன்றாகக் காய்ந்தபின் உப்பைத் தட்டிவிட வேண்டும். கெட்டியான சாயத்தில் இது சரியாக விழாது. ஈரம் பிடித்த உப்பும் உதவாது. மூட்டையைப் பலகை மேல் வையுங்கள்.

துவைப்பது

சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் பட்டுக்கு விரோதி. பட்டும் தலைமுடியைப் போல் புரதம். காரம் அதை அரிக்கும். வரையுமுன் கஞ்சியை நீக்கவும் பிறகு துவைக்கவும் பூந்திக்கொட்டை நீர் நல்லது. புட்டிச் சாயத்தை இஸ்திரிச் சூட்டில் நிலைப்படுத்துவதா, ஆவியில் வைப்பதா என்பது அந்தப் புட்டியின் சீட்டில் இருக்கும். அதன்படி செய்யச் சொல்லுங்கள்.

சோதித்த படிகாரத்தைத் தனி டப்பாவில் சீட்டு ஒட்டி வையுங்கள். துணிக்கா, தண்ணீருக்கா என்று கேட்டு எடுத்துக் கொடுங்கள். அதற்கு அரை நிமிடம்தான் ஆகும். வீட்டில் இருந்தபடி சேலைக்கு வரைந்து சம்பாதிக்கும் ஒரு பெண்மணியின் முதல் அந்தப் பொட்டலத்தை நம்பி இருக்கிறது. சரக்கு நன்றாக இருந்தால், அடுத்த மாதம் உப்பு புளிக்கும் அவர் நம் கடைக்கே வருவார்.