கல்லைப் படம் பிடித்தல்

சென்ற செப்டம்பர்த் திங்களில் ஒரு சனி, ஞாயிறு விடுமுறையின்போது, நம் கல்லூரி மாணவர் பதின்மர் நிலநூல் ஆசிரியர் ஒருவருடன் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைக்குச் சென்றிருந்தோம். மணலையும் கல்லையும் புகைப்படம் எடுத்து வருதலே எங்கள் வேலை. தமிழ் ஆனர்ஸ் படிப்பவனுக்கு அங்கு என்ன வேலை என்று கேட்டோர் பலர். படம் பிடிப்பதில் எனக்குச் சிறிது பெயர் உண்டு என்பதன்றி வேறு விடை என்னிடம் இல்லை. அப்பெயரும் அப்பயணத்திலேயே கெட்டது. அது கெட்ட வகையைச் சொன்னால் படம் பிடிக்கும் முறையையும் ஒருவாறு சொன்னதாகும் என எண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

செந்துறை என்னும் பெயரைக் கேட்டதும் தமிழ் மாணவனுக்குக் குறள்வெண்செந்துறைதான் முதலில் நினைவுக்கு வரும். கடலோ பெரிய ஆறோ பக்கத்தில் இல்லாத ஊருக்குத் துறை என்று பெயர் வந்தது ஏன் என்று வண்டியில் நான் வினவ, ஆசிரியர் நகைத்து, "பெயர் வைத்தவர்கள் அந்தக் கடலைப் பார்த்திருக்க முடியாது, தம்பி" என்றார். அரியலூர்ப் பகுதியின் கல்லில் பெரும்பாலானது பழங்கடலின் அடியில் படிந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கிரெடேஷியஸ் காலத்தின் சிப்பிகளும் நத்தைகளும் அதில் கல்லாய்க் கிடக்கின்றன. பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் 1862-இல் இக்கற்படுகைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அப்பெயர்கள் இன்றும் உலகெங்கும் உள்ள நிலநூலார் அறிந்தவை.

சனிக்கிழமை மாலை வெள்ளாற்று மணலுக்குச் சென்றோம். நீர் ஓடி வடிந்த மணலில் வரிவரியாக நிற்கும் நெளிவுகளை நம் பழம்புலவர் அறல் என்றனர். மகளிர் கூந்தலுக்கு உவமையாக்கினர். எத்தனையோ முறை பொருள் எழுதிய அச்சொல்லை அன்றுதான் கண்ணாற் கண்டேன். ஒவ்வொரு வரியும் ஒருபுறம் மெல்லச் சரிந்தும் மறுபுறம் செங்குத்தாய் இறங்கியும் இருக்கும். செங்குத்தான பக்கம் எதுவோ அத்திசையை நோக்கியே நீர் ஓடியது என்று அறியலாம். ஆனால் நண்பகலில் எடுத்த படத்தில் இது புலப்படாது. கதிரவன் தாழ்ந்து, ஒளி பக்கவாட்டிற் படும்போதே ஒவ்வொரு வரியும் தன் நிழலைக் காட்டி எழுந்து நிற்கும். இன்னொன்று: கருவி எதனையும் நடுத்தரமான சாம்பல் நிறமாகவே கணக்கிடும் இயல்புடையது. ஆதலால் வெண்மணல் படத்தில் அழுக்கேறித் தோன்றும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டிவிட்டால் மணல் மணலாகும். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும்; அன்று மாலை எல்லோரும் என் படங்களையே மெச்சினர்.

ஞாயிறு காலை ஏழு மணி வழிபாடு முடித்து, எட்டரை மணி அளவில் ஊருக்கு வெளியே ஓர் ஓடைக்கு நடந்தோம். கரையில் தட்டையாய்க் கிடந்த சுண்ணாம்புப் பாறை ஒன்றில், உள்ளங்கை அளவில் ஒரு கிளிஞ்சல் உரு, விசிறி மடிப்புப் போன்ற கோடுகளுடன் இருந்தது. "வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்" என்று புகைப்படம் கற்போர்க்கு முதலிற் சொல்லிக்கொடுப்பார்கள் அன்றோ? அவ்வாறே நின்று, குனிந்து, அழகாக ஒரு படம் எடுத்தேன். முதலாண்டு மாணவன் ஒருவன் என் பக்கத்தில் வந்து, ஒரு பென்சிலைக் கல்லின் பக்கத்தில் நட்டு, அடிக்கோலையும் வைத்துவிட்டுத் தானும் ஒன்று எடுத்தான். பென்சில் படத்தைக் கெடுக்கிறதே என்று நான் அவனிடம் சொன்னதை இப்போது நினைக்க நாணமாயிருக்கிறது.

இரவு தங்கிய இடத்துக்குத் திரும்பிப் படங்களைப் பார்த்தபோது, ஆசிரியர் என்னுடையதை நெடுநேரம் நோக்கினார். "தம்பி, இது குழியா, மேடா?" என்றார்.

மேடு என்றேன். அவர் செல்பேசியைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். மேடு குழியாயிற்று! மீண்டும் திருப்பினார், குழி மேடாயிற்று. உடன் வந்தோருள் மூவர் குழி என்றனர். நால்வர் மேடு என்றனர். நேரில் பார்த்தேனே என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையில் நான் கல்லைப் பார்த்ததைவிடத் திரையைப் பார்த்ததே மிகுதி. விரலால் தொடவும் இல்லை.

இதன் காரணம் எளிது. ஒளி மேலிருந்து வருவதாகவே நம் மனம் கொள்ளும். வெயிலை முதுகுக்குப் பின் வைத்துத் தரையிலுள்ளதைக் குனிந்து எடுத்தால், படத்தில் ஒளி கீழிருந்து வரும். அப்போது குழியின் எதிர்ச்சுவர் ஒளிபெற்று, நம் பக்கத்துச் சுவர் நிழலில் விழும். மேலே ஒளி, கீழே நிழல் என்றால் மேடு என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிடும். இதனாலேயே கல்லுருக்களை வரைவோரும் படமெடுப்போரும் ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருமாறு அமைப்பதை மரபாகக் கொண்டுள்ளனர். குழியானால் அது சிப்பி கிடந்து மறைந்த அச்சு. மேடானால் சிப்பியே, அல்லது அதன் உள்ளே நிரம்பி இறுகிய மண். இரண்டும் ஒன்றாகா.

அளவும் அப்படியே. நாணயம் வைத்தால் போதும் என்பார் உளர். 1992-இல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 25 மில்லிமீட்டர். 2019-இல் வந்ததோ 20. எந்த ரூபாய் என்று எழுதாவிடில் ஐந்தில் ஒரு பங்கு பிழை நேரும்.

நிற்க. இப்பகுதியிலேயே படம் செய்த கேடும் நன்மையும் உண்டு. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட, அவற்றின் படங்கள் டைனோசர் முட்டை என்ற பெயருடன் கைக்குக் கை பரவின. நிலநூலார் வந்து பார்த்து, அம்மோனைட் என்னும் கடலுயிரைச் சுற்றித் திரண்ட படிவுகளே அவை என்றனர்.

மற்றொன்று கல்லமேட்டுச் செய்தி. அங்குக் கிடைத்த பேரெலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் 1980-களின் இறுதியில் ஆராய்ந்து, அவ்விலங்குக்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடற் பல்லி என்பது பொருள். வடமொழியும் கிரேக்கமும் கலந்த சொல். கணைக்காலெலும்பு ஒன்றே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் என்றனர். ஆனால் அவ்வெலும்புகள் நீரை உறிஞ்சி உப்பும் களிமண்ணில் கிடந்தவை. எடுத்த பின்னர்ப் பொடிந்தே போயின. கோட்டுப்படங்கள் சிலவே எஞ்சின. அது எலும்பன்று, கல்லாகிய மரத்துண்டாயிருக்கலாம் என்று அயல்நாட்டார் ஐயுற்றனர். கல்மரம் இந்நாட்டில் அரிதன்று. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரமே கல்லாய்க் கிடக்கிறது. இறுதியில் 2022-இல், அகழ்ந்த காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் அச்சேறிய பின்னரே அந்த ஐயம் பெரிதும் தணிந்தது. உலகிற் பெரிய விலங்குகளுள் ஒன்றாயிருக்கக் கூடியதற்குச் சான்றாகச் சில படங்களே மிஞ்சியிருக்கின்றன!

இதைக் கேட்டபின் எனக்கு உறக்கம் வரவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்ததும், அந்த முதலாண்டு மாணவனையும் அழைத்துக்கொண்டு மீண்டும் செந்துறைக்குப் போனேன். கல்லைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதே நோக்கம். ஓடையைக் கண்டோம், கரையைக் காணோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கார்த்திகை மழையிலே அந்தப் பக்கம் பூராவும் சரிஞ்சு போச்சு, தம்பி. என்னத்தைத் தேடறீங்க?" என்றார். கிளிஞ்சல் என்று சொல்ல, "அதுக்கு இம்மாந் தூரமா?" என்று வியந்தார். ஒரு மணி நேரம் மண்ணைக் கிளறியும் பயனில்லை.

வண்டிக்குக் காத்திருந்தபோது தம்பி தன் படத்தைக் காட்டினான். பென்சிலின் நிழல் படத்தின் மேல்நோக்கி விழுந்திருந்தது. ஆகவே வெயில் கீழிருந்து வந்தது. ஒளிபெற்ற சுவர் மேலே இருந்ததால், அது குழியே. அடிக்கோலின்படி அகலம் 9 சென்டிமீட்டர். அந்தப் படம் இப்போது நிலநூல் துறையின் படத்தொகுப்பில், இடமும் நாளும் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. என்னுடையது என் செல்பேசியில் இருக்கிறது.